செட் சட்டையும் சக்கரை கம்மி டீயும்

சென்னைக்கு வேலைக்குப் போகும்போது என் பையில் ஏழு சட்டைகள் இருந்தன. அதில் ஒன்றுகூட எனக்காக எடுத்தது இல்லை. ஏழும் ஏழு பேருடைய கல்யாணத்துக்காக எடுத்தவை.

எங்கள் உத்திரமேரூர் நண்பர்களிடம் செட் சட்டை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. செட்டில் ஒருத்தனுக்குக் கல்யாணம் என்றால், மற்ற எல்லோரும் ஒரே துணியில், ஒரே டெய்லரிடம், ஒரே மாதிரி சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு மேடையேறி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நிறத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பெண்ணின் முகூர்த்தப் புடவைக்குப் பார்டர் என்ன நிறமோ, அதுதான் எங்கள் நிறம். காஞ்சிபுரத்துப் பட்டு பார்டர் என்றைக்குச் சாதுவான நிறத்தில் வந்திருக்கிறது? ஆகவே என்னிடம் இருந்தவை கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் நீலம், அரக்கு, இப்படி. போதாததற்கு எங்கள் டெய்லர் ஒவ்வொரு சட்டையின் பாக்கெட்டிலும் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்து, பெண் பெயரின் முதல் எழுத்து, நடுவில் ஓர் இதயம் என்று எம்பிராய்டரி போட்டுவிடுவார்.

செட்டில் மொத்தம் பதினோரு பேர். கிரிக்கெட் ஆடுவதற்காகச் சேர்ந்தவர்கள் இல்லை, சேர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் அப்படி இருந்தது. ஒருத்தன் துபாய்க்குப் போய்விட்டான். அதற்காக அவனை விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவனுக்கும் சட்டை தைப்போம். போட்டோ எடுக்கும்போது அந்தச் சட்டையை ஹேங்கரோடு ஒருத்தன் தூக்கிப் பிடிப்பான். ஏழு கல்யாண ஆல்பத்திலும் துபாய்க்காரன் தலையில்லாமல் நிற்கிறான்.

எனக்கு வேலை கிடைத்தது கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டில் படுத்துக்கொண்டே போனில் போட்டு நிறுத்துகிற கருவி செய்கிறார்கள். கருவி மக்கர் செய்தால் விவசாயிகள் போன் பண்ணுவார்கள், நான் பேச வேண்டும். பேசுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அண்ணா, ஸ்டார்ட்டர் பெட்டியில பல்லி கில்லி பூந்துக்குதா பாருங்க" என்று ஆரம்பித்தால், பல்லியை விரட்டிவிட்டு அவர் மகள் படிப்பு வரைக்கும் பேசிவிட்டுத்தான் வைப்பார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மேடம், அதாவது என் டீம் லீடர், முதல் வாரமே ஒரு நம்பிக்கையைக் கொடுத்தார். மயிலாப்பூர்க்காரர், கறாராகச் சிரிப்பவர். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டீலருங்க வருவாங்க. டெமோ டேபிள்ல உக்காந்து பேச ஒரு ஆள் வேணும். நீ பேசுற, ஆனா உக்காருவியான்னு தெரியல. ஒரு மாசம் பாக்கறேன்" என்றார்.

டெமோ டேபிள் என்பது ஒரு மேசை, அதன்மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, குட்டி மோட்டார். போனில் தட்டினால் மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டும். அந்த நாற்காலி கிடைத்தால் போன் பேசுகிற வேலையிலிருந்து ஒரு படி மேலே. கிடைக்காவிட்டால் அது பக்கத்து சீட்டுப் பையனுக்குப் போகும். அவன் சென்னையிலேயே பிறந்தவன். யார் வந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டேன். அதைவிட அதிகமாக எதற்கும் அந்த மாதம் நான் ஆசைப்படவில்லை.

திங்கள் முதல் வியாழன் வரை கம்பெனி கொடுத்த டீ சர்ட். வெள்ளிக்கிழமை மட்டும் அவரவர் சொந்த உடை. இங்கேதான் வந்தது வம்பு.

முதல் வெள்ளி கிளிப்பச்சை. முழுக்கையை முழங்கை வரை மடித்து, காலருக்குள் கர்சீப்பைச் செருகி, மேல் பட்டன் ரெண்டைத் திறந்துவிட்டு, ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்கே போட்டியாக இருக்கும் கோலத்தில் போனேன். கதவைத் திறந்து ஒரு டீலர் உள்ளே வந்தார். எழுந்து, "வாங்க சார், வாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஒரு டீ. சக்கரை கம்மியா."

போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஏன் போய் எடுத்துட்டு வந்த?"

"கேட்டாரு மேடம்."

"கேட்டா?"

"குடுக்கணும் இல்ல மேடம்."

கிளிப்பச்சையில் தப்பு என்று முடிவுசெய்துகொண்டு அடுத்த வெள்ளி மாம்பழ மஞ்சளில் போனேன். அன்று வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ரெண்டு டீ கேட்டார்கள். இதில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "இஞ்சி போட்டா, போடாமயா?" என்று நானேதான் கேட்டேன்.

என் ரூம்மேட் சேலத்துக்காரன். வேளச்சேரியில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தான். துணியைப் பற்றி அவன் பேசினால் வைத்தியர் நாடி பிடிப்பது போல இருக்கும். என் ஏழு சட்டைகளையும் கட்டிலில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தான்.

"மாப்ள, இதெல்லாம் போட்டுட்டு ரோட்டுல நின்னா வண்டிங்க சிக்னல்னு நெனச்சு நிக்கும்டா."

"அப்ப இன்னா பண்றது?"

"சிட்டில சட்டை உடம்பைத் தொடக் கூடாது. உடம்பு ஒரு ஊர்ல இருக்கணும், சட்டை ஒரு ஊர்ல இருக்கணும்."

இந்த வார்த்தையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவனே தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தான். சாம்பல் என்றும் சொல்ல முடியாது, மண் என்றும் சொல்ல முடியாது, நிறமே வேண்டாம் என்று சத்தியம் பண்ணிக்கொண்ட ஒரு நிறம். தோள்பட்டை தையல் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கூடவே ஒரு பேன்ட், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தபோது, சட்டையில் என் அப்பாவைப் போலவும் பேன்ட்டில் என் தம்பியைப் போலவும் இருந்தேன். நான் மட்டும் எங்கேயும் தெரியவில்லை. "இதான்டா கரெக்ட்டு" என்றான் சேலத்தான்.

அந்தச் சட்டையில் ஒரு பட்டன் லூசாக இருந்தது. சனி, ஞாயிறு ஊருக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் எங்கள் டெய்லர் அண்ணனிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை. பட்டன் தைக்கத் தெரியாதவனா நான்? ஆனால் எங்கள் டெய்லர் கடைக்குப் போகாமல் ஊரிலிருந்து திரும்பினால் அவருக்குக் கோபம் வரும்.

ஞாயிறு சாயந்திரம் தாம்பரம் பஸ் புறப்படுகிற நேரம். பொட்டலத்தைக் கையில் திணித்தார், ஓடிப்போய் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் பிரித்தேன். சட்டை என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. தோள் தோளில் இருந்தது. பாக்கெட்டில் ரெண்டு எழுத்து, நடுவில் சிவப்பு நூலில் ஓர் இதயம்.

உடனே போன் போட்டேன்.

"அண்ணா, சட்டைய இன்னா பண்ண?"

"இன்னா பண்ணனா? எவன்டா உன்ன ஏமாத்தி உட்டது? நாலு பேரு குடித்தனம் பண்ணலாம் போல கீது. உன் அளவு என் நோட்டுல இல்லியா? புடிச்சி உட்டேன். துட்டு வாணாம் நைனா, போ."

"பாக்கெட்டுல இதயம் கீதே அண்ணா."

"மொட்டையா கீதேன்னு போட்டு உட்டேன். அடுத்த கல்யாணத்து டிசைனு மிசின்ல ஏறிக்கினு கீது, அதையே ஓட்டிட்டேன். ஷோக்கா கீதா?"

"பட்டன் தச்சியா?"

மிஷினை நிறுத்தினார். "இன்னா பட்டனு?" என்றார்.

மயில் நீலத்துக்கு இது தேவலை என்று அதையே போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுப் பையன் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு எழுத்துல நீ எது?" என்றான். "ரெண்டும் இல்ல" என்றேன். அன்றும் ஒரு டீலர் வந்தார், அன்றும் டீ. நிறமில்லாத சட்டைக்கும் அதே சக்கரை கம்மி.

கீழே வாசலில் இருக்கும் செக்யூரிட்டி பெரியவரிடம் என் துக்கத்தைச் சொன்னேன். செய்யாற்றுக்காரர். எங்கள் பக்கத்து மனிதர் என்பதால் நேராகவே சொல்வார்.

"சட்டைல இன்னா கீது தம்பி. யாரு வந்தாலும் நீ எய்ந்து நிக்கிற. வாங்க வாங்கன்னு வேற சொல்ற. நிக்கிறவன்கிட்டதான் கேப்பான். உக்காந்துக்கினு இரு, எவனும் கேக்க மாட்டான்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. நாலாவது வெள்ளி, அரக்குச் சட்டை. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நாற்காலியின் ரெண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வந்தவர் வயதானவர், நெற்றியில் விபூதி, கையில் மஞ்சப்பை. மனசு உட்கார்ந்திருந்தது, கால் எழுந்துவிட்டது. கைகள் பிடியை விடாததால் சக்கரம் வைத்த நாற்காலியும் என்னோடு எழுந்து, பிறகு விழுந்தது. அவர் பதறிப்போய், "பாத்துப்பா" என்றார். அடுத்து என்ன கேட்டார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதம் முடிய ஒரே ஒரு வெள்ளிதான் பாக்கி.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எட்டாவது கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரன். எங்கள் ஊர் வழக்கப்படி அவன் பத்திரிகையை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன், அவன் யார் என்றே தெரியாதவர்களுக்குக்கூட. வாங்கியவர்கள் எல்லோரும் வருகிறேன் என்றார்கள். வந்தது மேடம் மட்டும். அன்றைக்கு வாலாஜாபாத்தில் ஒரு டீலரைப் பார்க்க வேண்டியிருந்ததாம், பக்கம்தானே என்று காலையில் உத்திரமேரூர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

இந்த முறை பார்டர் கத்தரிப்பூ நிறம். நாங்கள் ஒன்பது பேர் கத்தரிக்காய்க் கூடையைக் கவிழ்த்ததுபோல மேடையில் ஏறினோம். வழக்கம்போல் துபாய்க்காரன் சட்டையை ஹேங்கரில் பிடிக்க ஒருத்தன் கையைத் தூக்கினான். மேடம் கீழே நின்று, "அது என்ன, யாரு வரல?" என்று கேட்டார். சொன்னேன். உடனே மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்தே கூவினான்.

"டேய், இன்னாத்துக்கு வெறும் ஹேங்கரு? மேடத்தையே போட்டுக்க சொல்லு. இந்த வாட்டியாச்சும் துபாய்க்குத் தலை இருக்கட்டும்."

நான் கூச்சத்தில் நெளிந்தேன். மேடம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுடிதார் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, கடைசியில் நின்றார். துபாய்க்காரன் கொஞ்சம் தாட்டியான ஆள். சட்டை மேடத்துக்கு முட்டிவரை தொங்கியது. போட்டோ எடுத்து முடித்துக் கழற்றப் போனவரை டெய்லர் அண்ணன் தடுத்தார். "போட்டுக்கினு போங்கம்மா. அவன் வரச்சொல்ல குடுத்துக்கலாம். நீங்களும் செட்டுதான்."

கடைசி வெள்ளி வந்தது. இனிமேல் எந்த உடையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இஸ்திரி போட்டது எது கைக்கு வந்ததோ அதை மாட்டிக்கொண்டு போனேன். அது கத்தரிப்பூ. உள்ளே நுழைந்தால், மேடமும் கத்தரிப்பூ. ஜீன்ஸ் மேலே துபாய்ச் சட்டை, கை நுனியை ஒரு மடிப்பு மட்டும் மடித்திருந்தார். அவரைச் சுற்றி நாலு பேர். "செம்மயா இருக்கு மேடம், எங்க வாங்குனீங்க?" "ஆன்லைன்லயா?" "இந்தக் கலர் கிடைக்கவே கிடைக்காதே." உடம்பு மயிலாப்பூரிலும் சட்டை உத்திரமேரூரிலும் இருந்தது. சேலத்தான் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பான். அதே துணி, அதே டெய்லர், அதே இதயம். பக்கத்தில் நின்ற என்னை ஒருத்தரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை.

கதவு திறந்தது. கடலூர் பக்கத்திலிருந்து எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி ரெண்டு பேர். எழுந்தேன். "வாங்கண்ணா, வாங்க" என்றேன். மூத்தவர் வெயிலில் வந்த களைப்போடு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு டீ சொல்லேன். சக்கரை கம்மியா."

என் கால் ஏற்கெனவே டீ மிஷின் பக்கம் திரும்பிவிட்டது.

"நில்லு" என்றார் மேடம். எல்லோரும் நின்றுவிட்டார்கள். "நீ போய் அங்க உக்காரு. டீ நான் எடுத்துட்டு வரேன்." அவர் காட்டியது டெமோ டேபிளை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "எழுந்துக்கணும்னா எழுந்துக்கோ. வாங்கன்னும் சொல்லிக்கோ. சொல்லிட்டு உக்காந்துடு, அவ்வளவுதான்."

பக்கத்து சீட்டுப் பையன் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டான். போய் உட்கார்ந்தேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எதிரில் நின்றுகொண்டே இருந்தார்கள். டீ கேட்ட ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததில் அவர்களுக்குக் குழப்பம்.

"அண்ணா, உங்க பக்கம் த்ரீ பேஸ் கரண்ட்டு எத்தினி மணிக்கு உடறாங்க?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குற தம்பி" என்றபடி மூத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் போனில் தட்டினேன். குட்டி மோட்டார் ஓடியது, தொட்டியில் தண்ணீர் கொட்டியது. தம்பிக்காரர் எட்டிப் பார்த்து, "பல்லி பூந்துட்டா?" என்றார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பிறந்தேன் என்று எனக்குத் தோன்றியது.

பல்லிக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேடம் தட்டில் ரெண்டு டீயோடு வந்து குனிந்து வைத்தார். மூத்தவர் டீயை எடுத்துக்கொண்டு, மேடத்தின் சட்டையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், மறுபடியும் மேடத்தின் பாக்கெட்டில் இருந்த இதயத்தைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு எழுத்துல நீங்க எதும்மா?"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டும் இல்ல சார்" என்றார். "நான் துபாய்."