எங்கள் புல்லில் இனாங்கா முட்டைகள்

கடல் தாண்டி வந்து நாங்கள் குடியிருக்கும் ஏவன்டேலில், வாடகை வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. கடல் ஏறினால் அதிலும் தண்ணீர் ஏறும். பங்குனி உத்திரத்தன்று காலையில் அது புல்தரை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே விரல் நீள மீன்கள் கூட்டமாகப் புல்லுக்குள் புகுந்து துள்ளின. ஐயோ, வழி தவறி வந்து மாட்டிக்கொண்டன என்று வாளியில் அள்ளி அள்ளி ஓடையில் விட்டேன். விட்டவை அத்தனையும் திரும்பி வந்தன!

என் கணவர் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடியே, வாளியக் கீழ வை. அது இனாங்கா. முட்டை போட வந்திருக்கு."

இனாங்கா ஓடைக்குள் முட்டையிடாதாம்; கடல் ஏறும்போது மூழ்கும் கரைப் புல்லில்தான் இடுமாம். தண்ணீர் வடிந்த பிறகு முட்டைகள் ஈரப் புல்லின் அடியிலேயே வளருமாம். அடுத்த பௌர்ணமி வாக்கில் கடல் மறுபடி பெரிதாக ஏறி வந்து நனைத்தால்தான் குஞ்சு வெளியே வருமாம். சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். சித்ரா பௌர்ணமி! எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாரோ உண்டாகியிருப்பதைப் போல ஊரெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னேன்.

அதற்குள் வீட்டு ஏஜென்ட் பார்வையிட வருவதாகச் செய்தி அனுப்பினாள். புல்லை வெட்டியிருக்க வேண்டுமாம். கணவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நைட்டியோடு ஓடைக்கரைப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"முதல்ல என் மேல ஓட்டுங்க."

"காலி பண்ணச் சொல்லிட்டா, உன் மீனா வந்து வீடு தேடும்?" என்று கத்தினார். ஆனாலும் என்னைச் சுற்றி ஒரு பட்டை விட்டுத்தான் வெட்டினார்.

வந்த ஏஜென்ட் நேராக அந்தப் பட்டையைத்தான் கை காட்டினாள். அவளையும் இழுத்துக் குந்த வைத்துப் புல்லை விலக்கிக் காட்டினேன். கசகசா அளவு முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் மட்டும் படம் எடுக்காமல் போனாள்.

சித்ரா பௌர்ணமி காலையில் தண்ணீர் மெல்ல ஏறிப் புல்லை மூடியது. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பார்த்தேன். இமை மயிர் மாதிரி குஞ்சுகள், நெளிந்துகொண்டு! நான் போட்ட கூச்சலில் கணவர் பல் தேய்க்கிற நுரை வாயோடு ஓடி வந்தார். இனி இவை கடலுக்குப் போய், வளர்ந்து, ஏதோ ஓர் ஓடையில் ஏறி வர வேண்டும். அவர் டம்ளரை வாங்கித் தண்ணீரில் மெதுவாகச் சாய்த்தார்.

"போயிட்டு வாங்கடா. இந்தப் புல்ல எவனும் வெட்ட மாட்டான்."