வீட்டுக்கு அடியில் ஒரு நகக்குறி

என் மேசை மேல் ஒரு பீங்கான் வீடு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். சாய்ந்த கூரை, கூரை மேல் ஒரு புகைபோக்கி, கதவில் இலைகளால் ஆன ஒரு வளையம். எங்கள் பக்கத்தில் யாரும் இப்படி ஒரு வீட்டில் குடியிருந்ததில்லை. புகைபோக்கியின் ஓரத்தில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடுகிறது. அதனால்தான் இது கப்பல் ஏறாமல் விருத்தாசலத்திலேயே தங்கிவிட்டது. தூசி துடைக்கும்போதெல்லாம் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில், பளபளப்புப் பூச்சு படாத இடத்தில், ஒரு நகக்குறி இருக்கிறது. பிறையாக வளைந்து, நடுவில் மட்டும் விட்டுப்போன குறி. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகப் பல பேரைச் சொல்வேன், கடைசியில் என்னையும் சேர்த்து.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் கிளார்க்காக இருந்தேன். மின்சார ஃப்யூஸ் கட்டைகள் செய்துகொண்டிருந்த இடம் அது. பாண்டிச்சேரி ஏஜென்ட் ஒருவர் மூலம் அமெரிக்க ஆர்டர் கிடைத்ததும், முதலாளி ஃப்யூஸ் கட்டையை ஓரம் கட்டிவிட்டு வீடு செய்ய ஆரம்பித்தார். கிறிஸ்துமஸுக்கு அங்கே ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். மண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஃபினிஷிங் என்று பெயர். அதைச் செய்த பெண்களில் மூத்தவரை எல்லோரும் ஃபினிஷிங் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். முதலாளிக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அக்கா கம்மாபுரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவர் குடும்பம் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, பட்டாவில் பெயர் இருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. இருபது வருடம் அதில் நாற்று நட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. "எங்க பேரு எங்கியும் இல்ல தம்பி, அதான் இங்க வந்து மண்ணு தொடைக்கிறோம்" என்று ஒருமுறை சொன்னார். ஏதோ பஸ் தவறியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். மற்றபடி அவருக்கு நாக்கு நீளம். தண்ணீர்க் குடம் காலியாக இருந்தால் முதலாளியின் கார் ஓட்டுநர் வரைக்கும் திட்டு விழும். முதல் வீடு அச்சிலிருந்து வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடா கூரை மேல கொழாயி? வூட்டுக்குள்ளயே சூளை வச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். குளிருக்கு நெருப்பு மூட்டுவார்கள் என்று விளக்கினேன். "அப்ப அங்கயும் பொகைதான்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை நனைத்தார்.

ஒவ்வொரு பெண்ணும் தான் முடித்த பொருளின் அடியில் ஈரம் காயும் முன் ஒரு குறி போட வேண்டும் என்பது எங்கள் யூனிட்டில் வழக்கம். எது யாருடையது என்று பிரிக்க அதுதான் வழி. ஒருத்தி மூன்று புள்ளி வைப்பாள், இன்னொருத்தி சிலுவை கீறுவாள். அக்கா வலது கட்டை விரல் நகத்தை அழுத்திவிடுவார். எப்போதோ அச்சு விழுந்து அந்த நகம் நடுவில் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது. அதனால் அவருடைய பிறை மட்டும் நடுவில் விட்டுப்போய் இருக்கும். ஆயிரம் வீட்டுக்கு நடுவிலும் அக்காவின் வீட்டை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆர்டர் வந்த இரண்டாவது வருடம், வாங்குகிற கம்பெனி சார்பில் வேலை செய்கிறவர்களின் நிலைமையைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வரப்போவதாகத் தகவல் வந்தது. அமெரிக்காவில் இருக்கிற நல்ல மனிதர்கள், ஆட்களைக் கஷ்டப்படுத்திச் செய்த பொருளை வாங்க மாட்டார்களாம். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் புது ரிஜிஸ்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்திரண்டு பேர், எல்லோரும் நிரந்தரம், எல்லோருக்கும் காப்பீடு, வார விடுமுறை. அரசாங்கத்துக்குக் காட்டும் வழக்கமான ரிஜிஸ்டரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். அதில் மூன்று பேர் முதலாளியின் உறவுக்காரர்கள். அதையும் நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வருகை நாளன்று காலையில் எல்லோருக்கும் புதிய மாஸ்க் கொடுத்தோம். சாயங்காலம் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்தோம். வந்த அம்மாவிடம் அக்கா, சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். எட்டு மணி நேரந்தாங்க, மாஸ்க்கு தெனமும் தராங்க, ஒரு கொறையும் இல்லீங்க. ஆர்டர் போனால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மா போன பிறகு என்னிடம் வந்து, "அந்த நோட்டுல என் பேரு எப்படி எழுதியிருக்க, காட்டு" என்றார். காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. இருந்தும் நோட்டை மூடிவிட்டேன்.

பிறகு அமெரிக்காவிலேயே வீடுகள் போக ஆரம்பித்தன. கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டுத் தெருவுக்கு வருகிறார்கள், பொம்மை வீட்டை எவன் வாங்குவான் என்று ஏஜென்ட் போனில் சொல்லிவிட்டார். பாதி வெந்த சரக்கோடு வேலை நின்றது. அக்காவுக்கு நான் விஷயத்தைச் சொன்னேன். "வெள்ளக்காரன் வூட்டயுமா புடுங்குறாங்க? அவங்க பேரு பத்திரத்துல இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது அக்கா, அப்படியும் போய்விட்டது என்றேன். "அங்க பேரு இருந்தும் போச்சு. நமக்குப் பேரே இல்ல" என்றார். விரிசல் விழுந்து ஒதுக்கிய வீடுகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போகச் சொன்னார் முதலாளி. கணக்கை முடித்துவிட்ட பெருந்தன்மை அவருக்கு. அக்கா தன் குறி போட்ட ஒன்றைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதற்கு முன்பே அவருக்கு இருமல் இருந்தது. வேலை நின்ற பிறகு மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மண் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, வேலை செய்த இடத்திலிருந்து எழுதி வாங்கி வந்தால் வைத்தியத்துக்கும் நிவாரணத்துக்கும் வழி உண்டு என்றார்கள். முதலாளி, அப்படி யாரும் என்னிடம் வேலை பார்க்கவில்லை என்றார். ஒன்பது வருடம் எதிரில் உட்கார்ந்து மண் துடைத்தவரை இப்படிச் சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வரும் என்று நான் வீட்டில் பொருமினேன். வீட்டில் மட்டும்தான். யூனிட் மறுபடி ஃப்யூஸ் கட்டைக்குத் திரும்பியிருந்தது, நானும் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

அக்கா தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். விசாரணைக்கு முதலாளி என்னையும் அழைத்துப் போனார், ஆறு பேர் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு. "இன்னொரு நோட்டு இருக்குது சார், அதுல என் பேரு இருக்குது, இந்தத் தம்பிதான் எழுதிச்சு" என்று அக்கா என்னைக் காட்டினார். அப்படி ஒரு நோட்டே கிடையாது என்று முதலாளி சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா அம்மா என்று பொறுமையாகத்தான் கேட்டார். அக்கா பையிலிருந்து அந்தப் பீங்கான் வீட்டை எடுத்து, மேசை மேல் கவிழ்த்து வைத்தார். "இது என் கையெழுத்து சார்" என்றார்.

அதிகாரிக்கே சற்று ஆர்வம் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிளந்த நகத்தையும் பார்த்தார், விட்டுப்போன பிறையையும் பார்த்தார். அப்போதுதான் முதலாளி மெதுவாக, "நகம் பொளந்தவங்க ஊர்ல எத்தனையோ பேர் சார். அவங்க நகத்தை அதுல வைக்கச் சொல்லுங்க, பொருந்துதான்னு பாப்போம்" என்றார். அக்கா சந்தோஷமாகக் கட்டை விரலை வைத்தார். பொருந்தவில்லை. குறி சின்னது, நகம் பெரியது; எப்படித் திருப்பி வைத்தாலும் உள்ளே இறங்கவில்லை. அக்கா பதறிப்போய், "சுட்டா சுருங்கும் சார், மண்ணு சுருங்கும். இந்தத் தம்பியக் கேளுங்க" என்றார்.

பீங்கான் வேலை தெரிந்த எவனுக்கும் இது தெரியும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். அதற்காக அச்சையே பெரிதாகத்தான் செய்வார்கள். விருத்தாசலத்தில் டீக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லுவார். முதலாளிக்கும் தெரியும், தெரிந்துதான் நகத்தை வைக்கச் சொன்னார். அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் அதிகாரி. அவர் என்னைப் பார்த்து, "அப்படியாப்பா?" என்றார். முதலாளி என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான், "எனக்கு ஆபீஸ் வேலைதான் சார், சூளை பத்தித் தெரியாது" என்றேன்.

வெளியே வந்ததும் முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன். பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையைத் திறந்து அந்த வீட்டை என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க தம்பி. இது யாரு செஞ்சதுன்னு ஒனக்காவது தெரியும்" என்றார். கம்மாபுரம் பஸ் வந்தது. படியில் ஏறவே இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மூன்றாம் வருடம் அவர் இறந்துபோன செய்தி பத்து நாள் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது.

யூனிட் பின்பு கைமாறியது. வேறு வேலை தேடியபோது முன் அனுபவச் சான்று கேட்டார்கள். பழைய முதலாளியிடம் போனேன். எந்த ரிஜிஸ்டரில் உன் பேர் இருக்கிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஆறு பேர் நோட்டிலும் இல்லை, முப்பத்திரண்டு பேர் நோட்டிலும் இல்லை. இரண்டையும் எழுதியவன் நான், என் பெயரை எழுதிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. என்னை வீட்டுப் பிள்ளை மாதிரி என்று அவர் சொல்லி வந்ததை நம்பியிருந்தேன். எழுத்து தெரியாத அக்காவுக்குத் தன் குறியைப் போட்டுவைக்கத் தெரிந்திருந்தது.

இன்று காலையும் வீட்டைத் துடைத்துக் கவிழ்த்தேன். என் கட்டை விரலை அதில் வைத்துப் பார்த்தேன், இது எத்தனையாவது முறை என்று தெரியாது. இறங்காது என்று தெரிந்தேதான் வைக்கிறேன். பிறகு வழக்கம்போல, எதிரில் யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்: சுட்டால் மண் சுருங்கும் சார். அன்றைக்கு அவர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த நாலே வார்த்தைதான்.