அக்கா போய்ச் சேர்ந்த ஏரிக்கரை

என் அக்கா பாடகி. நான் அவளுக்கு வயலின் வாசிப்பவள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் தொடங்கியது, எண்பதுகளில் லண்டனுக்கு அகதிகளாக வந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. அங்கே நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். கிழமை நாட்களில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள், நான் மருந்துக்கடையில் நின்றேன். சனி ஞாயிறுகளில் கச்சேரி. இருவரும் கலியாணம் கட்டவில்லை என்பது எங்களைவிட ஊர்ச்சனத்துக்குத்தான் பெரிய கவலையாக இருந்தது.

ஸ்கொட்லாந்தின் வடகோடியில் வேலை பார்த்த தமிழ் டொக்டர் ஒருவர் எங்களைப் பாட அழைத்தார். இன்வெர்னஸ் வரை ரயில். பிறகு அவருடைய காரில் போகப் போக வீடுகள் குறைந்து, கடைசியில் மலையும் செம்மறியாடுகளும் மட்டுமே இருந்தன. ஏரிக்கரைக் கிராமத்தின் சிறிய மண்டபத்தில் ஈர மழையங்கிகளோடு வெள்ளைக்காரச் சனம் உட்கார்ந்திருந்தது. லண்டனில் ஆலாபனை கொஞ்சம் நீண்டால் யாராவது சாப்பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒருவரும் அசையவில்லை. அக்கா அன்று தோடி ராகத்தை விடவே இல்லை.

மறுநாள் காலை அவளைத் தேடிப் போனேன். சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக் கற்களில் நின்றாள்.

“குளிரேல்லையோ அக்கா?”

“கதையாதை. கேள்.”

கேட்டேன். தண்ணீர் கல்லில் படும் சத்தம்கூட நின்று நின்றுதான் வந்தது.

“ஒண்டும் கேக்கேல்லையே.”

“ஓம். இப்பிடி ஒரு இடத்திலதான் ஆறுதலாப் பாடலாம்” என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அங்கே போனாள். கரையில் ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருந்த ஒரு விதவையின் வீட்டில் அறை கிடைத்தது. அந்த ஏரி அவளுக்குக் குளம்தான். “குளத்தடிக்குப் போட்டு வாறன்” என்று பக்கத்துத் தெருவுக்குப் போகிறவள் போலச் சொல்லிவிட்டு ரயிலேறுவாள். திரும்பி வந்ததும் அவளோடு வாசிப்பது எனக்குச் சிரமமாக இருக்கும். பழகிய ராகத்திலேயே நான் அறியாத இடங்களுக்குப் போவாள். ஒரு சுரத்தில் போய் நின்றால் நின்றதுதான், நான் வில்லை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட் புற்றுநோய். குரல் நரம்புக்கு ஆபத்து உண்டு என்று டொக்டர் முதலிலேயே சொன்னார். வேறு வழி இருக்கவில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு கட்டி போய்விட்டது, குரலும் போய்விட்டது. மிஞ்சியது காற்று. பக்கத்தில் இருந்தால்தான் அவள் பேசுவது கேட்கும்.

லண்டனுக்குள்ளேயே சட்டன் பக்கம் ஒரு கலியாண வீட்டில், விஷயம் தெரியாத ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து, “பிள்ளை, ஒரு பாட்டுப் பாடுமன்” என்று கெஞ்சினார். அக்கா சிரித்தபடி கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் காதோரம் சொன்னாள்:

“நான் குளத்தடிக்குப் போறன்.”

“எப்ப வருவியள்?”

“தெரியேல்லை. அங்க ஒருத்தரும் என்னைப் பாடச் சொல்லமாட்டினம்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“நீ வாசி. உன்ர கை நல்லாத்தானே இருக்கு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது.

அடுத்த மாரிக்குளிரில் வயலினோடு அவளைப் பார்க்கப் போனேன். ஆட்டுக்குத் தீவனம் போட்டுப் போட்டு அவள் கைகள் வெடித்திருந்தன. முகம் மட்டும் தெளிந்திருந்தது. சாப்பிட்ட பிறகு என்னைக் கரைக்குக் கூட்டிப்போனாள். கற்களில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, தாளம் போடத் தொடையில் கை வைத்தாள்.

“சகானா வாசி” என்றாள்.

நான் தொடங்கியதும் அவளும் வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. உதடும் தாடையும் அசைந்தன, கை எழும்பித் தாழ்ந்தது, கழுத்துத் தழும்பு இழுபட்டது. பக்கவாத்தியக்காரி பாடகி போன வழியில்தான் போகவேண்டும். அவள் கையைப் பார்த்தே போனேன். எங்கே நிற்பாள், எங்கே திரும்புவாள் என்று எனக்குத் தெரியாதா? விரல்கள் விறைத்தாலும் விடாமல் வாசித்தேன். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் பழையபடி மேடையில் இருக்கிறோம் என்றே நம்பினேன்.

அவள் கை நின்றது.

“நான் எங்க போறன் எண்டு உனக்குக் கேக்கேல்லை” என்றாள்.

“உங்கட கையைப் பாத்துத்தானே அக்கா வாசிக்கிறன்.”

“இல்லை. நீ பழைய அக்காவுக்கு வாசிக்கிறாய். நான் இப்ப வேற விதமாப் பாடுறன்.”

வயலினை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். “இனி இதை இஞ்ச கொண்டு வராதை” என்று சொல்லி, விறைத்திருந்த என் விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

தொலைபேசியில் அவள் பேச்சு விளங்காது. அதனால் ஞாயிறுகளில் அந்த விதவைதான் பேசுவாள்: அக்கா நலம், இன்று மழை, ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஒரு வசந்தத்தில், ஞாயிறுக்குக் காத்திராமல் கிழமை நடுவில் தொலைபேசி எடுத்து, “முடிந்தால் உடனே வா” என்றாள். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குச் சொல்லவேண்டாம் என்று அக்கா தடுத்திருந்தாள்.

நான் ரயிலில் இருந்தபோதே அவள் போய்விட்டாள். நான் அங்கே போனபோது, ஏரி தெரியும் யன்னலோரக் கட்டிலில் அவளைத் தலைவாரிக் கிடத்தியிருந்தார்கள். உதடுகள் கொஞ்சம் திறந்திருந்தன.

இன்வெர்னஸில் தகனம் முடித்துச் சாம்பலோடு திரும்பினோம். விதவை தன் சிறிய படகை ஏரி நடுவுக்கு வலித்தாள். நான் சாம்பலைக் கையில் எடுத்ததும், “உங்கள் ஆட்கள் இந்த நேரத்தில் ஏதும் பாடுவீர்களா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டுச் சாவுகளில் அக்காதான் தேவாரம் பாடுவாள். நான் ஒருபோதும் பாடியதில்லை. பாடினேன். சுருதி சேரவில்லை, இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டேன். விதவை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி தொடங்கி, ஒருமாதிரி பாடி முடித்தேன்.

நோர்பரி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சனம் வந்தது. “இவ்வளவு ஆக்கள் இஞ்ச இருக்க, ஏன் அங்க போய்த் தனியக் கிடந்தவ?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். “அவவுக்கு அந்த இடம் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.