சீசருக்கு ஒன்றுமில்லை

கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். போன ஐப்பசியில் இவர் அடித்த கூத்துக்கு அப்புறம், அந்த மரியாதையெல்லாம் போதும் என்று விட்டுவிட்டேன். வெள்ளியங்கிரி. கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் எரிந்துபோன மோட்டாரையெல்லாம் பிரித்துப் பார்ப்பார். தன் உடம்புக்குள் என்ன எரிகிறது என்று மட்டும் பார்க்க மாட்டார்.

இவருக்குச் சர்க்கரை. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டர் சின்ன வயசு, வெளியூர்க்காரர் போல. "நீ ஸ்வீட் நெறைய சாப்பிடுவியா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், இவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். "பெத்த பையனே என்னைய வாங்க போங்கன்னு பேசறான். இவன் யாருங்கறேன், நீ நான்னு பேசறதுக்கு?" அன்றோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு.

கௌரவம் பாதி, பயம் மீதி. தாராபுரத்தில் இவருடைய அண்ணனுக்கு இதே சர்க்கரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு இவர் சோறு தின்னவில்லை. எனக்கும் அன்று பிடித்த பயம்தான், இவர் காலையும் எடுத்துவிடுவார்களோ என்று. நான் மாரியாத்தாளிடம் சொன்னேன். இவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பையன் பிரவின்குமார், பெங்களூரில் வைத்துக்கொள்ள முடியாமல் தன் நாயைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுப் போனான். லேப்ரடார். பெயர் சீசர். அதற்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் இவர் டாக்டர் அஃப்ராவைப் பார்த்தார். உக்கடத்துப் பொண்ணு. நாயைப் பார்த்ததும், "வாங்க சீசர், உக்காருங்க" என்றிருக்கிறார். நாய்க்கே இவ்வளவு மரியாதையா என்று மனுஷன் சொக்கிப்போனார்.

அப்புறம் பார்த்தால் வாரம் தவறாமல் கிளினிக். நல்லாயிருக்கிற நாயை எதற்கு இப்படி இழுத்துக்கொண்டு அலைகிறார் என்று ஒரு நாள் நானும் கூடப் போனேன். பூனைக்குப் பால் கொடுக்கலாமா, நாயை வாரத்துக்கு எத்தனை முறை குளிப்பாட்டலாம் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் முறை வந்தது.

"ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்குதுங்க டாக்டரம்மா. தண்ணி குடிச்சுட்டே இருக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீசர் ராத்திரி படுத்தால் காலையில் உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். எழுந்திரிப்பது யார் என்று எனக்கல்லவா தெரியும்!

"கண்ணும் கொஞ்சம் மங்கலாத் தெரியுதுங்க" என்றார் இவர்.

"அது எப்படிங்கய்யா உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"பேப்பரத் தள்ளி வெச்சுப் படிச்சாத்தான்..." என்று ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு, "பேப்பர் போடறவரையே அடையாளம் தெரியறதில்லீங்க" என்று முடித்தார்.

டாக்டர் சீசரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். சீசர் ஒரு பாவமும் அறியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், "சீசருக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. சர்க்கரையெல்லாம் நார்மல்தானுங்க. எடை மட்டும் ஜாஸ்தி. சோத்தைக் குறைங்க, இனிப்பு வேண்டாம், தினமும் நடக்க வைங்க" என்றார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை. வெளியே வந்ததும் நேராக பேக்கரிக்குப் போய் ஜிலேபி வாங்கினார்.

"ஏனுங்க, உங்களுக்குச் சர்க்கரைங்க!"

"டாக்டரம்மாதான் நார்மல்னு சொல்லிப்போட்டாங்கல்ல?"

"அது நாய்க்குங்க!"

"ஒரே ஊட்டுல ஒரே சோத்தத் திங்கறோம். அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணாவா இருக்கப் போகுது?"

நாயின் ரத்தத்தைக் கொடுத்துத் தனக்கு நல்ல ரிப்போர்ட் வாங்குகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது! டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தேன். "சொன்னீன்னா அங்க போறதையும் நிறுத்திப்போடுவேன்" என்றார். அங்கேயாவது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதையெல்லாம் சுத்தமாகக் கடைப்பிடித்தார், நாய்க்கு. சீசருக்குக் கேழ்வரகுக் களி. வீணாகக் கூடாதே என்று சீசரின் பங்கு அரிசிச் சோற்றை இவரே தின்றார். நடைப்பயிற்சியும் தவறாது. இவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டுவார், சீசர் பக்கத்தில் ஓடிவரும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். நாய் மெலிந்து துள்ளிக்கொண்டு திரிந்தது. இவருக்குத்தான் கண்ணுக்கடியில் கறுத்தது. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். கேட்டால் தரை ஜில்லென்று இருக்கிறதாம்.

ஒரு நாள் காலையில் சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் தரையில் ரத்தத் தடம். முந்தின நாள் நான் கைதவறிப் போட்ட கண்ணாடி டம்ளரில் ஒரு சில்லு பெருக்காமல் கிடந்திருக்கிறது.

"ஐயோ, சீசருக்குக் கால்ல ஏறிப்போச்சு!" என்று இவர் ஓடினார். நாயைப் படுக்க வைத்து, நாலு காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவர் அப்படி நடந்த இடமெல்லாம் புதுசாகச் சிவப்புத் தடம் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடமும் ஒரு சாண் நீளம். எந்த ஊர் நாய்க்கு ஒரு சாண் நீளத்தில் பாதம் இருக்கிறது?

"உங்க காலப் பாருங்க!" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, டாக்டரம்மாகிட்டப் போலாம்" என்றார். கண்ணில் அப்படி ஒரு கலவரம். கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். நாய் எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தது.

டாக்டர் அஃப்ரா சீசரின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீறல்கூட இல்லை. பிறகு அவர் பார்வை கிளினிக் தரைக்குப் போனது. வாசலிலிருந்து மேஜை வரை தடம். இவருடைய வலது செருப்பு நனைந்து சொதசொதவென்று இருந்தது. நான் வாயைத் திறந்தேன். டாக்டர் லேசாகக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஐயா, இந்தக் காலை இன்னைக்கே பாக்கோணுங்க. விட்டா எடுக்க வேண்டி வந்துரும்."

"எந்தக் காலுங்க?"

"வலது பின்னங்கால்."

இவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சீசரின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு காலை எடுத்துப்போட்டா, அப்புறம் நாய் எப்படிங்க நடக்கும்?"

"நாய் நடந்துக்குமுங்க. இன்னும் மூணு இருக்குதல்ல. ரெண்டே ரெண்டு கால் இருக்கறவங்க பாடுதானுங்க கஷ்டம்."

பூனையோடு வந்திருந்த பெண்கூட எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கவே இல்லீங்க, டாக்டரம்மா" என்றார் இவர். "கண்ணாடி ஏறினது தெரியவே இல்லீங்க எனக்கு."

எனக்கு என்றார். அத்தனை மாசமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை கோபமும் எங்கே போனதோ, தெரியவில்லை. பக்கத்தில் போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் தரையில் மண்டியிட்டு, செருப்பையும் சாக்ஸையும் மெல்லக் கழற்றினார். பாதத்தில் சில்லு இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதைவிடப் பழசாக, சுண்டுவிரல் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. "வாங்கய்யா, நானும் கூட வாரேன்" என்று கார் சாவியை எடுத்தார். சீசரும் கூடவே ஏறிக்கொண்டது.

பெரியாஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அண்ணன் கதைதான் என்றார்கள். மற்றபடி கால் தப்பித்தது.

மறுநாள் விடிந்ததும் மருந்தின் மயக்கம் தெளிந்து என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அம்மணி, வலிக்குது."

"நெசமாலுமா? எங்கீங்க?"

"கால்லதான். சுருக்குச் சுருக்குன்னு நல்லா வலிக்குது!"

அவர் அழுதார். நானும் அழுதேன். வலிக்கிறது என்று இந்த மனுஷன் சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். சத்தம் கேட்டு நர்ஸ் வந்து, வலிக்கு ஊசி போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றார்.