மஞ்சள் வழியில் வந்த சம்பந்தி

என் அக்காவுக்குப் பூங்காவில் 'கயிறு' என்று பெயர். மேனேஜர் அம்மாவில் தொடங்கி கழிவறை கழுவுகிற ஆள் வரை, "கயிறு வந்தாச்சா? கயிறு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு நம்மைக் கவனிக்கிறார்களே, அது போதும் என்பாள்.

நானும் அதே பூங்காவில்தான் இருக்கிறேன், ரோலர் கோஸ்டர் ஓட்டுகிறேன். ஓட்டுவது என்றால் வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுவது இல்லை. மேடைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதில் உட்கார்ந்து, எல்லார் மடியிலும் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். அக்காவின் வேலை கீழே, இரண்டு வரிசைகள் வந்து சேருகிற இடத்தில்.

ஒன்று பொது வரிசை. டிக்கெட் எடுத்த யாரும் அதில் நிற்கலாம். இரும்புக் குழாய் வேலிக்குள் வளைந்து வளைந்து வரும். அந்தக் குழாய்களின் அடியில் தடவிப் பார்த்தால் ஊரில் உள்ளவர்கள் மென்ற சூயிங்கம் எல்லாம் கிடைக்கும். இன்னொன்று, மேற்கொண்டு காசு கொடுத்து மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டவர்கள் வருகிற வழி. பலகையில் 'விரைவு வழி' என்று எழுதியிருக்கும். நாங்கள் மஞ்சள் வழி என்போம். அதன் வாயில் தடித்த கயிறு ஒன்று குறுக்கே கிடக்கும். கயிற்றின் கொக்கி அக்கா கையில்.

கூண்டிலிருந்து பார்த்தால் மனிதர்கள் நன்றாகத் தெரிவார்கள். மஞ்சள் வழியில் வருகிறவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். போனில் ஒன்றும் இருக்காது. பொது வரிசையில் நிற்கிறவன் கண்ணைப் பார்க்கக் கூச்சம், அவ்வளவுதான். சிலர் கையை உயர்த்திப் பட்டையைக் காட்டிக்கொண்டே வருவார்கள், ஏதோ போட்டியில் ஜெயித்த மாதிரி. பொது வரிசையில் பாதி தூரம் நின்று, வெறுத்துப் போய் வெளியேறி, பட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவன் ஒருவன் இருப்பான். அலட்டல் அவனிடம்தான் அதிகம். சற்று முன்பு தன் தோளோடு தோள் உரசி நின்றவனையே யாரோ மாதிரி பார்ப்பான்.

பொது வரிசைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஏன் சார், சாவுறதுக்கும் மஞ்சள் பட்டை உண்டா?" என்று ஒருவர் ஒருநாள் கத்தினார். மஞ்சள் வழியில் வந்தவர், "இருக்கு, வாங்கித் தரட்டுமா?" என்று திருப்பிக் கொடுத்தார். அது அடிதடியில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவை அந்த இடத்தில் போட்டார்கள்.

வரிசை அவளுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்பு சினிமா தியேட்டரில் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் இருந்தாள். மச்சான் லாரியோடு வெளியூர் போய்விடுவார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இவள் சம்பளமும் சேர்ந்துதான் மகளைப் படிக்க வைத்தது. மகள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் குளியலறை ஒன்றுதான். நான் ஏதாவது விசேஷத்துக்குப் போய்த் தங்கினால், காலையில் அங்கேயும் அக்கா வரிசை போட்டுவிடுவாள். "தம்பி, நீ பேப்பர் படிக்கிற ஆளு. உனக்குக் கடைசி இடம்" என்பாள்.

கயிற்றடியில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முகம் பொது வரிசைப் பக்கம், முதுகு மஞ்சள் வழிப் பக்கம். கொக்கியைப் பின்கையால் பிடித்திருப்பாள். மஞ்சள்காரர்களை நிறுத்த வேண்டுமானால் திரும்பாமலே உள்ளங்கையைப் பின்னால் காட்டுவாள். விட வேண்டுமானால் கொக்கியைக் கழற்றி விரலை அசைப்பாள். இதைப் பற்றிப் புகார்கூடப் போயிருக்கிறது, காசு கொடுத்த எங்களுக்கு முதுகைக் காட்டுகிறாள் என்று. மேனேஜர் அம்மா கூப்பிட்டுக் கேட்டார்.

"அவங்க சீக்கிரம் போயிடறாங்க மேடம். நிக்கிறவங்களுக்குத்தான் பார்க்க ஒரு முகம் வேணும். நான் அந்தப் பக்கம் திரும்பினேன்னா, இந்தப் பக்கம் கல்லு விழும்."

மேனேஜர் அம்மா நியாயமான மனுஷி. சிரித்துக்கொண்டே, "விழாம பார்த்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த முதுகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தோம். பையன் கண்ணாடிக் கடையில் இருக்கிறான். அவன் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார், அம்மா வீட்டில். இரண்டு பக்கமும் பிடித்துப் போயிற்று. அந்த ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து கல்யாணத் தேதியைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் பகலில் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூவரும் வந்துவிட்டார்கள். எங்களிடம் சொல்லவில்லை. சம்பந்தி வேலை பார்க்கிற இடத்தில் ஓசியில் நுழைந்தோம் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாதாம். அந்த வீறாப்பில் மூன்று பேருக்கும் மஞ்சள் பட்டை வேறு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அன்று காலை மழை பெய்து தண்டவாளம் நனைந்து, வண்டியை நிறுத்தி வைத்திருந்தோம். மறுபடி எடுத்தபோது பொது வரிசை வெந்துபோய் நின்றது. குழந்தைகள் வேலிக் குழாயில் தொங்கின. வழக்கமாக ஒரு வண்டி பொது, ஒரு வண்டி மஞ்சள் என்று மாற்றி மாற்றி விடுவோம். அன்று அக்கா எனக்குக் கையைக் காட்டி, தொடர்ந்து பொது வரிசைக்கே வண்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் வழியில் முணுமுணுப்பு கிளம்பியது.

அப்போதுதான் கூண்டிலிருந்து பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால் முதல் ஆளாகச் சம்பந்தியம்மா! புதுப் புடவை, கையில் பட்டை. பின்னால் தையல்காரச் சம்பந்தியும் மாப்பிள்ளையும். சம்பந்தியம்மா முகமெல்லாம் சிரிப்போடு அக்காவின் முதுகைப் பார்த்து ஏதோ சொன்னார். வண்டி உள்ளே வருகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா உள்ளங்கையைப் பின்னால் காட்டினாள்.

சம்பந்தியம்மா குரலை உயர்த்தினார். "நாங்க சொந்தக்காரங்க! சொந்தக்காரங்க வந்திருக்கோம்!"

ஐயோ, அந்த வார்த்தையை மட்டும் அங்கே சொல்லக்கூடாது. தினமும் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவார். மேனேஜருக்குச் சொந்தம், முதலாளிக்குச் சொந்தம், ஒருநாள் ஒருவர் வண்டிக்கே சொந்தம் என்றார். அக்கா திரும்பவில்லை. பொது வரிசையைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள்:

"சொந்தக்காரங்க எல்லாம் கொஞ்சம் பொறுங்க. யாருக்கும் சொந்தமில்லாதவங்க இங்க காலையிலேருந்து நிக்கிறாங்க. முதல்ல அவங்க போகட்டும்."

பொது வரிசை விசிலடித்தது. கை தட்டினார்கள். "அப்படிப் போடு கயிறக்கா!" என்று யாரோ கத்தினார்.

நான் மைக்கை எடுத்தேன். பாதுகாப்பு அறிவிப்புக்கு மட்டும்தான் அதைத் தொடலாம் என்று சட்டம். "அக்கா, பின்னால பாரு!" என்றேன். மேடையில் இருந்த அத்தனை பேரும் பின்னால் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அதற்குள் சம்பந்தியம்மா விடுவிடுவென்று வந்த வழியே போய்க்கொண்டிருந்தார். சம்பந்தி ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று தடுமாறிவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து அக்கா மகள் எனக்கு போன் செய்தாள். "மாமா, அம்மா என்ன பண்ணுச்சு? அவங்க அம்மா தேதியும் வேணாம் ஒண்ணும் வேணாம், கிளம்புங்கன்னு சொல்றாங்களாம். குளத்துப் பக்கம் பெஞ்சில உட்கார்ந்து அழறாங்களாம்."

"நீ கிளம்பி வா. நான் பார்த்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் சாப்பாட்டு இடைவேளை வந்தது. கயிற்றைப் பிடிக்கப் படகு சவாரிக்காரர் வந்தார். கூண்டுக்கு மாற்று ஆள் வந்தார்.

"அக்கா, காலில விழுந்தாவது சமாதானம் பண்ணிடு" என்றேன், நடந்துகொண்டே.

"எதுக்குடா விழணும்? ஆளு யாருன்னு பார்க்காம பேசிட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேப்பேன். நிறுத்தினதுக்குக் கேக்க மாட்டேன்."

"இப்ப அந்த நியாயமெல்லாம் வேணுமா?"

"என் பொண்ணு போய் வாழப்போற வீடு. இன்னைக்குப் பொய் சொல்லிட்டா, அப்புறம் காலம் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருக்கணும். சும்மா வா."

பெஞ்சில் சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். அக்கா நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"சம்பந்தி, நீங்கன்னு சத்தியமா தெரியல. அத்தனை பேர் நடுவுல சிரிக்க வச்சுட்டேன். தப்புதான், மன்னிச்சுக்கங்க."

சம்பந்தியம்மா நிமிர்ந்தார். "சரி, நாங்கதான்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

சம்பந்தி பின்னாலிருந்து அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார், 'ஆமா'ன்னு சொல்லித் தொலைம்மா என்கிற மாதிரி. நானும் இருமினேன்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "திரும்பிப் பார்த்து, வாங்கன்னு கேட்டிருப்பேன், நல்லா இருக்கீங்களான்னு விசாரிச்சிருப்பேன். வண்டி அவங்களுக்குத்தான்."

"கேட்டியாடா?" சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். "எனக்கு இன்னும் நிறைய கேக்கணும். வாய் வரைக்கும் வந்து நிக்குது."

"கேளுங்க. ஆனா பெஞ்சில உட்கார்ந்து பொசுக்குன்னு முடிச்சுடாதீங்க. பொது வரிசைக்கு வாங்க. ஒரு மணி நேரத்துக்குக் குறையாம நிக்கணும். ஆற அமரத் திட்டலாம். நானும் கூட நிக்கிறேன்."

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க மறுபடி மூக்கைத் துடைத்தார். சம்பந்தி முந்திக்கொண்டார். "நான் வரேன்ப்பா. இந்தப் பட்டையைக் கட்டினதிலேருந்து ஒவ்வொருத்தனும் நான் அவன் துணியைத் திருடித் தைச்ச மாதிரி முறைக்கிறான்."

போனார்கள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு பெண்களும் வேலியின் முதல் வளைவில் சண்டையாகத்தான் தொடங்கினார்கள். முதுகைக் காட்டியது, வீட்டுக்கு வந்தபோது சரியாகக் கவனிக்காதது, பெண்ணுக்கு நடை வேகம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்காவும் சும்மா இல்லை. "உங்க பையன் போன் பண்ணினா 'ம்'ங்கிறதுக்கு மேல பேச மாட்டேங்கிறான். என் பொண்ணு சுவத்தோட பேசுறதா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, "ம்" என்றான்.

இரண்டாவது வளைவில் குரல்கள் இறங்கி, பேச்சு கல்யாணப் பக்கம் திரும்பியது. மூன்றாவது வளைவில் வரிசை நகரவே இல்லை. கயிற்றடியில் படகுக்காரர் மஞ்சள் வழியைப் பார்த்து நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் சலாம் போட்டு, வண்டி வண்டியாக அவர்களையே ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கூட்டம் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது. நாலாவது வண்டியும் மஞ்சளுக்கே போனபோது, சம்பந்தியம்மா வேலிக் குழாயில் ஏறி நின்றுவிட்டார்.

"யோவ் படகு! இந்தப் பக்கமும் மனுஷங்கதான்யா நிக்கிறோம்! திரும்பிப் பாருய்யா!"

முன்னால் நின்ற ஒருவர், "அம்மா, உங்க கையில மஞ்சள் பட்டை இருக்கே. நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றார்.

"நான் எங்க நின்னா உமக்கென்ன? நீரும் கத்தும்!"

அவரும் கத்தினார். வரிசை முழுக்கக் கத்தியது. படகுக்காரர் பதறித் திரும்பி, கொக்கியைக் கீழே போட்டார். அக்கா என்னைப் பார்த்து, "நான் போகணும்டா, இல்லன்னா அவரைக் குளத்துல தூக்கிப் போட்டுடுவாங்க" என்று வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள். சாப்பாடு அப்படியே கிடந்தது. இரண்டே வண்டியில் வரிசை நகர ஆரம்பித்தது.

நான் கூண்டுக்கு ஏறிவிட்டேன். அவர்கள் மேடைக்கு வந்து சேர்ந்தபோது சம்பந்தியும் மாப்பிள்ளையும் வண்டியில் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா தண்டவாளத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "இதுலயா? எனக்கென்ன கிறுக்கா? நான் பேசறதுக்குத்தான் நின்னேன்" என்று பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போய்விட்டார்.

கீழே, வெளியே போகிற வழியில் அக்கா மகள் மருந்துக்கடைக் கோட்டோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. சம்பந்தியம்மா அவள் கன்னத்தைத் தட்டிச் சொன்னதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள்.

"அழாதடி. தேதி வரிசையிலேயே பேசியாச்சு. அடுத்த மாசம், மூணாவது புதன்கிழமை."

"புதன்கிழமையா அத்தை? எல்லாரும் ஞாயித்துக்கிழமைதானே வைப்பாங்க?"

"உங்க அம்மாதான் ஞாயித்துக்கிழமை கயிறை விட்டு வர மாட்டாளாமே. கூட்டம் அதிகமாம். சரி, புதன்னு நான்தான் சொன்னேன். எங்க வீட்டு ஆளுங்க லீவு கிடைக்காதுன்னு என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும், நான் பேசிக்கறேன்."

புதன்கிழமையே கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்காத சொந்தங்கள் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மச்சான் லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு மாப்பிள்ளையை வரவேற்றார். பூங்காவில் அன்று கயிற்றைப் பிடித்தது படகுக்காரர். ஆளே வராத நாள் என்பதால் மனிதர் பிழைத்தார்.