ஐம்பதுக்கு ஏழு

இந்த நாட்டில் முக்கியமான கையெழுத்தைப் பென்சிலில் போடுகிறார்கள். வலென்சியாவில் நான் வேலை பார்ப்பது ஓர் அச்சுப் பட்டறையில். ஓவியர்கள் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கிக் கொண்டுவருவார்கள். தகட்டில் மை பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பது என் பாடு. ஐம்பது படி எடுத்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாகக் கீறிவிடுவோம். அதற்குமேல் ஒன்றுகூட எடுக்க முடியாது. பிறகு ஓவியர் உட்கார்ந்து ஒவ்வொரு தாளின் அடியிலும் இடப்பக்கம் எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் எழுதுவார், பென்சிலால். நம் தாலுகா ஆபீசில் அப்படி ஒரு கையெழுத்தை நீட்டினால் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். யாராவது அழித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மார்த்தா என்ற ஓவியரிடம் என் அரைகுறை ஸ்பானிஷில் ஒருநாள் கேட்டேன். நான் ரப்பர் கேட்பதாக நினைத்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். மறுபடி விளக்கியதும், "அதை யார் அழிப்பார்கள்?" என்றார், நிஜமாகவே புரியாமல். ரப்பரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் செதுக்கிய ஒற்றை ஒலிவ மரத்தை ஐம்பது தாளிலும் எடுத்தவன் நான். ஏழாவது படியை எனக்கே கொடுத்தார். போன விடுமுறையில் அதைத் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவிடம் காட்டத்தான். அவர் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பிலேயே நானும் படித்தேன். ஒரு பரீட்சையில் முப்பத்துநாலு போட்டார். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அந்த ஒரு மார்க்குக்காக அம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அவரும் போடவில்லை. பிறகு நான் எதைச் செய்தாலும் அந்த முப்பத்துநாலு என் கூடவே வந்தது. ஸ்பெயினுக்கு வந்து மை துடைக்கிறேன் என்று போனில் சொன்னபோதும் "ம்" என்றுதான் சொன்னார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மரத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே 7/50 என்று எழுதியிருந்ததைத்தான் முதலில் பார்த்தார். ஸ்பெயின்காரர்கள் ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு போடுவார்கள்.

"அம்பதுக்கு ஏழு. அதையும் குறுக்க அடிச்சுல்ல வச்சிருக்காக" என்றார்.

மார்க் இல்லை, ஐம்பது தாளில் இது ஏழாவது என்று விளக்கினேன். சரி என்றார். சட்டம் போட்டுத் தானே மாட்டிவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மாட்டுத்தாவணிக்கு வந்து என்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அடுத்த மாதம் வீடியோ காலில் படத்தைக் காட்டினார். கூடத்துச் சுவரில் பளிச்சென்று இருந்தது. போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். 47/50. ஏழு மார்த்தாவுடையது. முன்னால் இருந்த நான்கு, மேலே வாய் திறந்திருக்கும் நான்கு, என் விடைத்தாள்களில் நான் பார்த்து வளர்ந்தது.

"வாரவுக எல்லாரும் ஏழு மார்க்குதானான்னு கேக்குறாக. எம்புட்டுப் பேருக்குய்யா நான் வெளக்கம் சொல்றது?" என்றார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த எண்ணில் கை வைத்தால் படமே செல்லாமல் போய்விடும் என்றேன். மார்த்தா முகத்தில் எப்படி விழிப்பது என்றேன். அவர் போனைப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"மூணு கொறச்சிருக்கேன், பாத்தியா? எடது ஓரத்துல மை சரியாத் தொடைக்கல" என்றார்.

ஓரத்தில் அந்த லேசான கறை இருந்தது. மார்த்தாவும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். படத்தில் என் வேலை எது என்று அப்பா தேடிப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

மார்த்தாவிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் கொடுத்த ரப்பர் இன்னும் என் மேலங்கிப் பையில் கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அதை எடுத்துப் போவதாக இல்லை. எந்தப் படி யாரிடம் இருக்கிறது என்று பட்டறையில் ஒரு பதிவேடு உண்டு. நாற்பத்தேழுக்கு நேரே செவில்லா நகரில் யாரோ ஒருவரின் பெயர். ஏழுக்கு நேரே என் பெயர். அந்த ஏழு இப்போது ஸ்பெயினிலும் இல்லை, திருப்பரங்குன்றத்திலும் இல்லை. நாற்பத்தேழு இரண்டு இடத்திலும் தொங்குகிறது.