திருப்பத்தில் நின்ற கம்பெனி வண்டி

என் அம்மாவின் வலது கையை உடைத்தது நான்தான். டயர் கழற்றுகிற ஸ்பானரால், முழங்கைக்குக் கீழே, ஒரே அடி. ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள். அவளாக விழுந்தாள் என்கிறார்கள், வண்டி இடித்தது என்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. நான் அடிக்காமல் விட்டிருந்தால் அன்று காலை ஜவ்வாது மலையில் ஒரு மனுஷன் செத்திருப்பார்.

ராக்கெட் செய்கிற தனியார் கம்பெனியில் நான் வெல்டர். டிப்ளமா முடித்துச் சென்னைக்குப் போனவள். எங்கள் முதலாளி பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சர்க்கார் மட்டும் வானத்துக்குப் போன காலம் மலையேறிவிட்டது என்பார். இனி பஸ்ஸுக்கு எடுப்பதுபோல ஜனங்கள் வானத்துக்கு டிக்கெட் எடுப்பார்கள், நம் ராக்கெட் மேலே போய்விட்டு முழுசாகத் திரும்பி வரும், மறுபடி போகும் என்பார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அது வேறு விஷயம்.

ஆந்திரக் கடலோரத்தில் ஏவுதளம் கட்ட ஆள் கேட்டார்கள். உயரத்தில் ஏறிக் கம்பி கட்டப் பயப்படாத ஆட்கள் வேண்டும். புளியமரத்து உச்சியில் நின்று கிளை உலுக்குகிற எங்கள் மலை ஆட்களைவிட அதற்கு எவன் கிடைப்பான்? பங்காளி முறையில் நான்கு பேரிடம் போனில் பேசினேன். கம்பெனி விதியையும் சொன்னேன். ஏவுதளத்துக்குள் போன் கூடாது, வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வேலையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. நான் சொன்னதால் நம்பினார்கள். யாரிடமும் என்றதை மனைவிக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டார்கள். என் புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

ஏனென்றால் என் அண்ணனையும் இப்படித்தான் கூட்டிப் போனார்கள். மேஸ்திரி என்று ஒருவன் வந்தான். ஆந்திராவில் கம்பெனி வேலை, போனை வீட்டில் வை, காலையில் வண்டி வரும் என்றான். போன பிறகுதான் செம்மரம் வெட்டுகிற வேலை என்று தெரிந்தது. காட்டில் குண்டடிபட்டு அண்ணன் பெட்டியில் வந்தான். மறுவாரம் ஊர்கூடி அம்மன் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். இனி ஆள் ஏற்ற வண்டி வந்தால் முதலில் அடி, அப்புறம்தான் கேள்வி. லீவில் வந்திருந்த நானும் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தேன். அந்தச் சத்தியம் என் கம்பெனி வண்டிக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. படித்தவள் இல்லையா.

அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆந்திரா என்றாலே வீட்டில் சாமான் பறக்கும். நேரில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நானே வண்டியில் வந்தேன். ஓட்டியவர் வாணியம்பாடி பாய், முன்பு தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லோடு அடித்தவர். ஊருக்குக் கீழே திருப்பத்தில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டுங்கள் என்று அவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. அம்மா சாமை அடிக்கக் களத்துக்குப் போயிருந்தாள்.

அதற்குள் நால்வரில் ஒருவனுடைய மனைவி, புருஷனின் போன் அணைந்து தலையணைக்கு அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். போனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினாள். களத்தில் எல்லார் கையிலும் ஏற்கெனவே தடி இருந்தது.

சத்தம் கேட்டு நான் திருப்பத்துக்கு ஓடியபோது வண்டிக்கு முன்கண்ணாடி இல்லை. வண்டியேற வந்திருந்த நான்கு பேரையும் அவரவர் மனைவியே முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். "நம்ம பொண்ணுதான் கூப்புட்டுச்சி" என்றான் ஒருவன். அவன் வாயிலேயே செருப்பு விழுந்தது. ஸ்டெப்னியை மாட்டி முடித்திருந்த பாய் அந்த டயரோரமே கிடந்தார். மண்டை பிளந்து, ஒரு காது கிழிந்து தொங்கியது. "நான் வெறும் டிரைவருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்வான் என்று ஒருவர் அவர் விலாவில் உதைத்தார்.

"இது என் வண்டிமா" என்று கத்தினேன். யாருக்கும் காதில் ஏறவில்லை. அம்மா கொடுவாளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்தும் நிற்கவில்லை.

"நவுருடி. உன்னை அப்பால வெச்சிக்கிறேன்" என்றவள், பாயின் கழுத்துக்கு நேராகக் கொடுவாளை ஓங்கினாள்.

சின்ன வயதில் என்னை வெளுக்கும்போதெல்லாம், அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பாள். காலடியில் கிடந்த ஸ்பானரை எடுத்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கொடுவாள் பாயின் தோளுக்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்தது. பெற்றவளை மகள் அடித்ததைப் பார்த்து ஊர் அப்படியே நின்றது.

"தூக்குங்கடா அவரை. இல்லன்னா இருக்கறவன் மண்டையெல்லாம் ஒடைப்பேன்" என்றேன். உடைத்திருப்பேன், சத்தியமாக. பங்காளிகள் மூக்கில் ரத்தத்தோடு எழுந்து வந்து பாயைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். அம்மாவையும் அதே சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியை நோக்கி நானே ஓட்டினேன். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பாயின் கண் செருகிக்கொண்டிருந்தது.

"அவரைத் தூங்கவுடாத. பேசிக்கினே வா. அவர் செத்தா உன்னை நானே புடிச்சிக் குடுப்பேன்" என்றேன் அம்மாவிடம்.

அம்மா இடது கையால் முந்தானையைச் சுருட்டி அவர் மண்டையில் அழுத்தினாள். பிறகு பேசினாள். பாயிடம்தான், என்னிடம் இல்லை.

"என் புள்ளைய ஏத்திக்கினு போக வந்தானே டிரைவரு, அவனுக்கு நான்தான் களி கிண்டிப் போட்டேன். நல்லா இருக்குதும்மான்னு இன்னோர் உருண்டை கேட்டு வாங்கித் தின்னான். கை கழுவ நானே தண்ணி ஊத்துனேன். கேக்குதா பாய்?"

"கேக்குதும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"உனக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"மூணு பொண்ணும்மா."

"பேரு சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு."

அவர் சொன்னார். அம்மா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது பெயரில் அவருக்கு நாக்கு குழறியது. அம்மா அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி கேட்டாள். மலை இறங்கி முடிக்கிறவரை விடவில்லை. எனக்குச் சாலை சரியாகத் தெரியவில்லை, அழுதுகொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அம்மாவின் தொங்கிய கையைப் பார்த்து முதலில் அவளைப் பிடிக்க வந்தாள்.

"எனக்கு இன்னா இப்போ. அவரைப் பாரு மொதல்ல. மூணு பொண்ணு இருக்குது" என்றாள் அம்மா. பெயர்களையும் சொன்னாள்.

பாயை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சீட்டு எழுத உட்கார்ந்த நர்ஸ், "அவருக்கு நீங்க இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

"வெட்டப் போனவ" என்றாள் அம்மா.